விண்ணப்பமும் விடையும்: பாராளுமன்ற மனுக் குழுக்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அனுராதபுரத்திலிருந்து ஆட்சி புரிந்த எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டிலே ஒரு மணியைத் தொங்கவிட்டு, நீதி வேண்டி வருவோர் எவரும் இழுக்கத்தக்கதாக நீண்ட கயிறொன்றை அதனுடன் பிணைத்திருந்தான் என மகாவம்சம் கூறும். சோழ நாட்டில் வழங்கும் மனுநீதிச் சோழன் கதையும் இதனை ஒத்ததே. இவற்றை நடந்த நிகழ்ச்சிகளாகக் கொள்வதிலும், ஆளப்பட்டோர் உள்ளத்தில் நிலவிய ஓர் எதிர்பார்ப்பின் சான்றுகளாகக் கொள்வதே பொருத்தமானது. மணியோசை இடையீடின்றி அரசன் செவிக்கு எட்டும், அரசன் எழுந்து வருவான், குறையைக் கேட்பான், முடிவு கூறுவான். கேட்டலும் விடையிறுத்தலும் ஒரே இடத்தில், ஒரே பொழுதில் நிகழும் என்பதே அக்கதைகளின் உட்பொருள். பல்லவர் செப்பேடுகள் சிலவற்றிலே, விண்ணப்பஞ் செய்தவன் பெயரும் அதன்மேற் பிறந்த ஆணையை நிறைவேற்றும் பொறுப்புடைய ஆணத்தியின் பெயரும் அடுத்தடுத்துப் பொறிக்கப்பட்டிருத்தல் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. விண்ணப்பம் என்பது தனித்து நிற்கும் ஒன்றன்று. அது விடையை வேண்டி நிற்பது.

ஆயின், ஒரு மணியும் ஒரு கயிறும் ஒரு பெரிய நாட்டுக்குப் போதா. விண்ணப்பங்கள் ஆயிரமாகவும் பதினாயிரமாகவும் பெருகும்போது அவற்றை யார் வாசிப்பது, யார் வகைப்படுத்துவது, யார் விடையளிப்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களுக்குப் பாராளுமன்ற ஆட்சிமுறை கண்ட விடையே மனுக் குழு. மனுச் செய்யும் உரிமை எவ்வாறு வென்றெடுக்கப்பட்டது என்பதைப் பற்றி அரசியல் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மனுவுக்கு விடை பெறும் உரிமை என்னவாயிற்று என்பது அத்துணை கவனிக்கப்படவில்லை. பிரித்தானியப் பாராளுமன்றத்திலே தோன்றி இலங்கைப் பாராளுமன்றம் வரை வந்துள்ள இந்நிறுவனத்தின் வரலாற்றை விடை என்னும் கோணத்திலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்திலே பாராளுமன்றம் சட்டமியற்றும் மன்றமாக வளருமுன்னர், குறைகேட்கும் மன்றமாகவே பெரிதும் விளங்கிற்று. முதலாம் எட்வேட் மன்னனின் காலத்தில் (1272-1307) பாராளுமன்றம் கூடும்போதெல்லாம் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மனுக்கள் வந்து குவிந்தன. அரசனுக்கும் அவனுடைய ஆலோசகர்க்கும் நாட்டின் பெருங் காரியங்களைக் கவனிக்க நேரம் இல்லாது போயிற்று. எனவே 1280ஆம் ஆண்டிலே ஓர் ஒழுங்கு செய்யப்பட்டது. அரச முத்திரை தொடர்பானவை சான்சலரிடமும், வருமானம் தொடர்பானவை திறைசேரியிடமும், வழக்குத் தொடர்பானவை நீதிபதிகளிடமும் செல்லவேண்டும்; அவர்களால் முடிவு செய்ய இயலாதவை மாத்திரமே அரசனிடம் வரவேண்டும் என்பதே அவ்வொழுங்கு. பின்னர் மனுக்களைப் பெறுவோர் என்றும், அவற்றை ஆராய்ந்து தீர்ப்போர் என்றும் இருவகை அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, அயர்லாந்து, கஸ்கனி ஆகிய நிலப்பகுதிகளின் மனுக்களை ஆராயத் தனித்தனிக் குழுவினர் இருந்தனர். பிற்காலப் பாராளுமன்றக் குழு முறையின் முன்னோடி இதுவே எனலாம்.

அக்காலத்து மனுக்களிற் பல்லாயிரம் இன்றும் இலண்டனிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திலே பேணப்பட்டு வருகின்றன. தோற்றுண்டுகளில் எழுதப்பட்ட அம்மனுக்களின் முன்புறத்தே குறையும், பலவற்றின் பின்புறத்தே அதற்குரிய விடையும் காணப்படுகின்றன. இன்ன நீதிமன்றத்துக்குச் செல்க, இன்ன அதிகாரி விசாரித்து அறிவிக்க, இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றவாறு சுருக்கமான தொடர்களாகவே அவ்விடைகள் அமைந்துள்ளன. மனுதாரன் விரும்பியதெல்லாம் அவனுக்குக் கிடைத்ததென்று கருதுதல் தவறு. மறுப்புக்களும் பல, வேறோர் இடத்துக்கு அனுப்பப்பட்டவையும் பல. ஆயினும் ஒவ்வொரு மனுவும் தனித்தனியே நோக்கப்படவேண்டியது, அதற்கு உரியதொரு முடிவு எழுதப்படவேண்டியது என்னும் கோட்பாடு அத்தோற்றுண்டுகளிலே பதிவாகியுள்ளது. குறையும் விடையும் ஒரே ஏட்டின் இரு புறங்களாயிருந்தன.

பதினேழாம் நூற்றாண்டில் மனு அரசியற் போராட்டத்தின் கருவியாக மாறிற்று. அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே மூண்ட உள்நாட்டுப் போரின்போது திரளான மக்கள் மனுக்களைச் சுமந்துகொண்டு வெஸ்ற்மின்ஸ்ரர் வாயிலை முற்றுகையிட்டனர். முடியாட்சி மீட்கப்பட்ட பின்னர், 1661ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குக் கட்டுப்பாடு விதித்தது. சமாதான நீதிபதிகள் மூவரின் அல்லது பெரு யூரிமாரிற் பெரும்பான்மையோரின் இசைவின்றி, சமயத்திலோ அரசிலோ மாற்றம் வேண்டும் மனுவில் இருபது பேருக்கு மேல் ஒப்பமிடச் செய்தலும், பத்துப் பேருக்கு மேற் கூடிச் சென்று மனுவைக் கையளித்தலும் குற்றமாக்கப்பட்டன. எனினும் 1669இல் பொதுமக்கள் சபை நிறைவேற்றிய தீர்மானம், குறை நேர்ந்தவிடத்து மனுத் தயாரித்துச் சபைக்குச் சமர்ப்பித்தல் ஒவ்வொரு குடிமகனினதும் இயல்பான உரிமை என்றும், அதனைப் பெற்று அதன் தன்மையைத் தீர்மானித்தல் சபையின் உரிமை என்றும் சாற்றிற்று. 1688இல் இரண்டாம் யேம்சு மன்னனுக்கு மனுச் செய்தமைக்காக ஏழு ஆயர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. யூரிமார் அவர்களைக் குற்றமற்றோர் எனக் கண்டனர். அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட உரிமைகள் சட்டம் அரசனுக்கு மனுச் செய்தல் குடிகளின் உரிமை என்றும், அதன் பொருட்டுச் சிறையிடுதலும் வழக்கிடுதலும் சட்டவிரோதமானவை என்றும் விதித்தது. கேட்போர் தண்டிக்கப்படார் என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. கேட்போர்க்கு விடை கூறப்படும் என்பது எவ்விடத்தும் எழுதப்படவில்லை.

இவ்விடைவெளி பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெரிதும் புலனாயிற்று. அடிமை வாணிகத்தை ஒழிக்குமாறு வேண்டி 1792ஆம் ஆண்டில் மாத்திரம் 519 மனுக்கள் பொதுமக்கள் சபைக்கு வந்தன. 1789இல் முடிவுற்ற ஐந்தாண்டுகளில் வந்த மனுக்களின் மொத்தத் தொகை 880. 1831இல் முடிவுற்ற ஐந்தாண்டுகளிலோ அது 24,492. கத்தோலிக்கர் விடுதலை, அடிமை ஒழிப்பு, பாராளுமன்றச் சீர்திருத்தம், தானியச் சட்டங்கள் என்பன மக்களைக் கிளர்ந்தெழச் செய்த காலம் அது. ஒவ்வொரு மனுவும் சமர்ப்பிக்கப்படும்போது அதுபற்றி உறுப்பினர் பேசுதல் அன்றைய வழக்கம். மனுக்கள் பெருகவே, அவை பற்றிய உரைகள் சபையின் நேரத்தை விழுங்கலாயின. அரசாங்கத்தின் அலுவல்களுக்கு நேரம் கிடைப்பது அரிதாயிற்று.

1833ஆம் ஆண்டிலே பொதுமக்கள் சபை பொது மனுக்கள் பற்றிய தெரிகுழுவொன்றை நியமித்தது இந்நெருக்கடியின் விளைவேயாகும். வரும் மனுக்களைப் பொருள்வாரியாக வகுத்தல், ஒவ்வொன்றிலும் எத்துணை ஒப்பங்கள் உள எனக் கணக்கிடுதல், அவற்றின் சாரத்தை அறிக்கையாக வெளியிடுதல், முக்கியமானவற்றின் வாசகத்தைப் பின்னிணைப்பாக அச்சிடுதல் என்பன அதன் பணிகள். பரிகாரம் வழங்கவோ பரிந்துரைக்கவோ அதற்கு அதிகாரம் அளிக்கப்படவில்லை. 1842இன் நிலையியற் கட்டளைகள், மனுவைச் சமர்ப்பிக்கும் உறுப்பினர் மனுதாரர் யாவர், ஒப்பங்கள் எத்தனை, வேண்டுகோள் யாது என்பவற்றை மாத்திரமே கூறலாம் என வரையறுத்தன. விவாதம் விலக்கப்பட்டது. ஒரு விலக்கு மாத்திரம் இருந்தது. உடனடிப் பரிகாரம் அவசியமாகின்ற தனிப்பட்ட குறையொன்றை மனு எடுத்துரைக்குமாயின் அதனைச் சபை அப்போதே விவாதிக்கலாம். பழைய மன்றத்தின் எச்சமாக இவ்விலக்கு ஒன்றே மிஞ்சிற்று. அடுத்த ஆண்டாகிய 1843இல் 33,898 மனுக்கள் வந்தன. அவற்றை வாசித்தோரும் உளர், எண்ணினோரும் உளர், விடையளிப்போர்தாம் இலர்.

எண்ணுதல் விடையின் இடத்தைப் பிடித்துக்கொண்டமைக்குச் சாசன இயக்கத்தாரின் அனுபவமே தலைசிறந்த எடுத்துக்காட்டாகும். வளர்ந்த ஆண்கள் அனைவர்க்கும் வாக்குரிமை, இரகசிய வாக்களிப்பு முதலாய ஆறு கோரிக்கைகளை முன்வைத்த அத்தொழிலாளர் இயக்கம் 1839, 1842, 1848 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரும் மனுக்களைச் சமர்ப்பித்தது. முதலாவதில் ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் ஒப்பங்கள் இருந்தன. அதனைப் பரிசீலிக்குமாறு கோரிய பிரேரணை 235க்கு 46 என்னும் வாக்குகளால் தோற்றது. இரண்டாவதில் 33 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பங்கள். அதுவும் 287க்கு 49 என்றவாறு தோல்வி கண்டது. 1848ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் தேதி கெனிங்ரன் வெளியிலே கூடிய பெருங் கூட்டத்தின் பின் மூன்றாவது மனு வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டது. அதில் 57 இலட்சம் ஒப்பங்கள் உள என இயக்கத் தலைவர் பேகஸ் ஓக்கொனர் உரைத்தார். மனுக் குழுவின் எழுதுவினைஞர் எண்ணிப் பார்த்து, 19,75,496 ஒப்பங்களே உள என்றனர். விக்ரோறியா மகாராணி, வெலிங்ரன் பிரபு ஆகியோரின் பெயர்களிலும் பொய்யொப்பங்கள் இருந்தமை அறிக்கையிலே எடுத்துக்காட்டப்பட்டது. சபையில் நகைப்பொலி எழுந்தது. மனுவின் மதிப்புச் சரிந்தது.

பொய்யொப்பமிட்டோரின் செயல் தம் இயக்கத்துக்கே இழைத்த தீங்கு என்பதில் ஐயமில்லை. ஆயின், எஞ்சிய 19 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கேட்டது என்ன, அதற்குச் சபை கூறும் நியாயம் என்ன என்னும் வினாக்கள் அந்நகைப்பிலே மறைந்துபோயின என்பதும் உண்மையே. தொகையை ஆயுதமாகக் கொண்டோர் தொகையாலேயே வீழ்த்தப்பட்டனர். ஆறு கோரிக்கைகளில், ஆண்டுதோறும் பாராளுமன்றத் தேர்தல் என்பது நீங்கலாக ஏனைய ஐந்தும் பிற்காலத்திற் சட்டமாயின என்பதை நோக்குமிடத்து, அவற்றின் நியாயம் ஒப்பங்களின் தொகையைச் சார்ந்து நிற்கவில்லை என்பது தெளிவாகும்.

ஒரு மனு விசாரணையாகக் கனியும்போது விளைவு எவ்வாறு வேறுபடும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1852ஆம் ஆண்டிலே கசுலு இலட்சுமிநரசு செட்டியார் முதலானோர் தோற்றுவித்த சென்னைச் சுதேசிகள் சங்கம், கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் உழவர் படும் வரிச்சுமையையும் நீதிமன்றங்களின் குறைபாடுகளையும் விரித்துரைத்துப் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பிற்று. இதனால் ஈர்க்கப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமர் 1853இற் சென்னை மாகாணத்துக்கு வந்து ஊர்களை நேரிற் கண்டு சென்றார். வரி அறவிடுவதற்காக உழவர் சித்திரவதைக்கு உள்ளாக்கப்படுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு 1854 யூலையிற் பொதுமக்கள் சபையில் எழுந்தது. கம்பனியின் ஆதரவாளர் மறுத்தபோதும், விசாரணைக் குழுவொன்று நியமிக்கப்பட்டது. எலியற், ஸ்ரோக்ஸ், நோட்டன் என்னும் மூவர் அடங்கிய அக்குழுவின் முன் சாட்சியமளிக்க மக்கள் நெடுந்தூரத்திலிருந்தும் வந்தனர். வருவாய் அதிகாரிகளின் கீழும் காவலர் கீழும் சித்திரவதை நிலவியது உண்மையே என 1855இல் வெளியான அறிக்கை ஏற்றுக்கொண்டது. வருவாய்த் துறையிலிருந்து காவற்றுறையைப் பிரித்த 1859ஆம் ஆண்டுச் சென்னைக் காவற் சட்டத்துக்கு இவ்வறிக்கை ஒரு முக்கிய காரணமாயிற்று. இலட்சக்கணக்கான ஒப்பங்கள் சாதியாததை, குறைகளைத் தனித்தனியே கேட்டு எழுதிய மூவர் ஓரளவேனும் சாதித்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் வாக்குரிமை விரிவடைந்ததும் பெரும் மனுக்களின் அரசியற் பயன் குன்றிற்று. அதேவேளை, ஓய்வூதியம், காணி சுவீகரிப்பு, சமூக நலக் கொடுப்பனவு, அனுமதிப்பத்திரம் என அரசின் கரங்கள் ஒவ்வொரு வீட்டையும் தீண்டலாயின. குறைகள் பொதுவானவையாக இராது, ஓர் உத்தியோகத்தரின் ஒரு முடிவைப் பற்றியனவாக மாறின. இத்தகைய குறைகளை விசாரிக்க 1833இன் எண்ணும் குழு எவ்வகையிலும் உதவவில்லை. சுவீடன் 1809ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ஏற்படுத்திய ஒம்புட்ஸ்மன் என்னும் பதவியை டென்மார்க் 1955இலும், நியூசிலாந்து 1962இலும் பின்பற்றின. பிரித்தானியா 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பாராளுமன்ற ஆணையாளரை நியமித்தது. குடிமகன் நேரே அவரை அணுகவியலாது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாயிலாகவே முறைப்பாடு செல்லவேண்டும். ஆனால் சென்றபின் திணைக்களத்தின் கோவைகளைக் கேட்டுப் பெறவும் உத்தியோகத்தரை விசாரிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

இம்முறையின் வலிமையை உணர்த்திய முதல் விடயம் சக்சென்ஹவுசன் வழக்காகும். நாசிகளின் கொடுமைக்கு ஆளான பிரித்தானியர்க்கு நட்டஈடு வழங்க மேற்கு ஜேர்மனி 1964இல் உடன்பட்டுப் பத்து இலட்சம் பவுண் அளித்திருந்தது. சக்சென்ஹவுசன் முகாமைச் சேர்ந்த பகுதிகளில் அடைக்கப்பட்டிருந்த சிலருக்கு அதிற் பங்கு கொடுக்க வெளிநாட்டமைச்சு மறுத்துவிட்டது. முதலாவது ஆணையாளரான சேர் எட்மன் கொம்ரன் கோவைகளை ஆராய்ந்து, அமைச்சின் முடிவு பெறப்பட்ட முறை குறைபாடுடையது என 1967 டிசெம்பரில் அறிக்கையிட்டார். தம் முடிவு சரியானதே என்று கூறிக்கொண்டபோதும், நட்டஈடு வழங்க அமைச்சர் இணங்கினார். மனுதாரர் ஒரு சிலரே. ஆயினும் கோவை திறக்கப்பட்டமையால் விடை பிறந்தது. இதன்பின் பழைய மனுக் குழுவுக்கு வேலை இல்லாது போயிற்று. 1974இல் அது ஒழிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டிலே இணையவழி மனுக்களுக்காகப் புதியதொரு குழு அங்கே அமைக்கப்பட்டுள்ளது. 10,000 ஒப்பங்கள் சேருமாயின் அரசாங்கம் பதிலளிக்கும். ஓர் இலட்சம் சேருமாயின் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படலாம். விடை மீண்டும் வந்துள்ளது. ஆயின் அது தொகையின் பின்னாலேயே வருகின்றது.

இனி இலங்கையை நோக்குவோம். பிரித்தானியப் பொதுமக்கள் சபை மனுக்களை எண்ணுவதற்குக் குழு அமைத்த அதே 1833ஆம் ஆண்டிலேதான் கோல்புறூக்கின் விதப்புரைப்படி இலங்கையிற் சட்டநிரூபண சபை தோற்றுவிக்கப்பட்டது. நியமிக்கப்பட்ட சிலரே அங்கம் வகித்த அச்சபையிற் சாதாரண குடிமக்களின் குரல் ஒலிக்க இடமிருக்கவில்லை. எனவே, தேசாதிபதிக்கும் குடியேற்ற நாட்டு அமைச்சருக்கும் விண்ணப்பம் அனுப்புதலே அரசியல் முயற்சியின் வழமையான வடிவமாயிற்று. கிராமத்தவர்க்கோ கச்சேரியே அரசு. கச்சேரி வாயிலில் அமர்ந்து பிறர்க்காக விண்ணப்பம் எழுதுவோர் ஒரு தொழிலினராகவே வளர்ந்தனர். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கிலே 'பெட்டிசம்' என்னும் சொல் நிலைபெற்றமை இவ்வரலாற்றின் சுவடே. அச்சொல் நாளடைவிற் பெயர் குறிப்பிடாது பிறர்மீது அனுப்பப்படும் முறைப்பாட்டையும் குறிக்கலாயிற்று. உரிய விடை கிடைக்கும் என்னும் நம்பிக்கை தேய்ந்தவிடத்து விண்ணப்பம் இவ்வாறு இழிந்து போதல் வியப்பன்று.

1931இல் வளர்ந்தோர் வாக்குரிமையும் 1947இற் பாராளுமன்றமும் வந்தபின், பாராளுமன்ற உறுப்பினரே மக்கள் குறைகேட்கும் வாயிலானார். அவருக்குச் செல்வாக்கு இருந்தவிடத்துக் கடிதம் பலித்தது, இல்லாதவிடத்துப் பலிக்கவில்லை. பரிகாரம் உரிமையாக அன்றி உதவியாகவே கருதப்பட்டது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 156ஆம் உறுப்புரை, நிருவாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் பதவியைச் சட்டத்தின் மூலம் தாபிக்குமாறு பாராளுமன்றத்தைப் பணித்தது. அரச உத்தியோகத்தர், அரசாங்கக் கூட்டுத்தாபனங்கள், உள்ளூரதிகார சபைகள் என்பவற்றின் உத்தியோகத்தர் ஆகியோர் இழைக்கும் அடிப்படை உரிமை மீறல்களையும் பிற அநீதிகளையும் விசாரித்தல் அப்பதவியின் கடமை. 1981இன் 17ஆம் இலக்கச் சட்டம் இதனை நடைமுறைப்படுத்திற்று. பாராளுமன்றச் செயலாளர் நாயகமாகக் கடமையாற்றிய சாம் விஜேசிங்க முதலாவது ஆணையாளரானார்.

இச்சட்டத்தின் மூலவடிவிலே பொது மனுக்கள் பற்றிய குழுவே அச்சாணியாக விளங்கிற்று. குறையுடையவர் பாராளுமன்றத்துக்கு முகவரியிட்டு மனு எழுதி, அதனை ஓர் உறுப்பினர் வாயிலாகச் சமர்ப்பிக்கவேண்டும். மனு குழுவுக்கு ஆற்றுப்படுத்தப்படும். அநீதி நிகழ்ந்துள்ளதெனத் தோன்றுமிடத்துக் குழு அதனை ஆணையாளருக்கு அனுப்பும். அவர் விசாரித்துக் குழுவுக்கு அறிக்கையிடுவார். பிரித்தானிய முறையில் ஒரு வாயில். இங்கோ உறுப்பினர் ஒரு வாயில், குழு மற்றொரு வாயில். ஆணையாளரை எய்துவதற்குள் மனுதாரர் இருமுறை தடுக்கப்படும் வாய்ப்பு இருந்தது. உறுப்பினரை அணுகும் வசதியற்றவருக்கு முதலாவது வாயிலே மூடியிருந்தது. இக்குறையை உணர்ந்தே 1994இன் 26ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், எவரும் எழுத்து மூலம் ஆணையாளருக்கு நேரே முறையிடலாம் என விதித்தது. ஆணையாளரின் விதப்புரை நிறைவேற்றப்படாதவிடத்து அதுபற்றி அவர் சனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் அறிக்கையிடலாம்.

எனினும் மனுக் குழு மறைந்துவிடவில்லை. பாராளுமன்ற அமர்வின் தொடக்கத்தில் உறுப்பினர்கள் மனுதாரரின் பெயரையும் ஊரையும் கூறி மனுக்களைச் சமர்ப்பித்தலும், அவை குழுவுக்கு ஆற்றுப்படுத்தப்படுதலும் இன்றும் வழக்கிலுள்ளன. குழு மனுதாரரையும் உரிய அமைச்சு, திணைக்களம் என்பவற்றின் உத்தியோகத்தரையும் அழைக்கின்றது. இடைநிறுத்தப்பட்ட ஓய்வூதியம், மறுக்கப்பட்ட பதவியுயர்வு, சுவீகரிக்கப்பட்ட காணிக்குக் கிடையாத நட்டஈடு, தீராத காணி உறுதிப் பிணக்கு போன்றவையே பெரும்பாலும் அதன் முன் வருபவை. பல ஆண்டுகளாகக் கருமபீடங்களின் முன் நின்று களைத்த ஒருவர், தம் கோவையைக் கையில் வைத்திருக்கும் உத்தியோகத்தரோடு ஒரே மேசையில் அமர்ந்து, மக்கள் பிரதிநிதிகளின் முன்னிலையில் அவருடைய விளக்கத்தைக் கேட்கின்றார். மணியோசை கேட்டு அரசன் எழுந்து வந்த கதைக்கு இக்காலத்தில் மிக அணுகி நிற்கும் காட்சி இதுவே எனலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுவதாயின் ஒரு மாதத்துள் நாடவேண்டும்; சட்டத்தரணியின் உதவியும் அதற்குரிய செலவும் வேண்டும். மனுக் குழு அத்தகைய பொருட்செலவை வேண்டுவதன்று.

இதன் குறைபாடுகளும் எடுத்துரைக்கற்பாலன. முதலாவது, குழு விதப்புரைக்கலாமேயன்றிக் கட்டளையிடவியலாது. திணைக்களம் இணங்காதவிடத்து அதனைக் கட்டாயப்படுத்தும் சட்டவலு அதற்கு இல்லை. இரண்டாவது, பாராளுமன்றம் கலைக்கப்படும்போது குழுவும் கலைந்துவிடுகின்றது; மனுதாரரின் குறையோ கலைவதில்லை. மூன்றாவது, உறுப்பினர் வாயிலாகவே மனுச் செல்லவேண்டும் என்னும் விதி, அரசியற் சார்பு பற்றிய அச்சத்தை முற்றாக நீக்கவில்லை.

நான்காவது குறைபாடு மொழி பற்றியது. 1956இன் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிற்று. 1958இன் 28ஆம் இலக்கத் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்தது. எனினும் அதன்கீழான பிரமாணங்கள் 1966 சனவரியிலேயே நிறைவேற்றப்பட்டன. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988இன் பதினாறாம் திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரித்தது. 1991இன் 18ஆம் இலக்கச் சட்டம் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை ஏற்படுத்திற்று. சட்ட ஏடுகளைப் பொறுத்தவரை, தமிழில் விண்ணப்பித்துத் தமிழில் விடை பெறும் உரிமை இன்று ஐயத்துக்கு இடமற்றது. ஆயின், மனுதாரர் வாசிக்கவியலாத மொழியில் வரும் விடை விடையாகாது. அவர் விளங்கிக்கொள்ளவியலாத மொழியில் நடைபெறும் விசாரணை அவர் பொருட்டு நடைபெறும் விசாரணையாகாது. மொழியுரிமை என்பது பட்டதாரிகளின் உத்தியோகப் பிரச்சினை மாத்திரம் என எண்ணுவோர், ஓய்வூதியம் நிறுத்தப்பட்ட ஒரு விதவையின் கையிலுள்ள கடிதத்தை நோக்கவேண்டும்.

குறைபாடுகள் நீக்கப்படக்கூடியவையே என்பதற்கு ஜேர்மனிய அனுபவம் சான்றாகும். அந்நாட்டின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 17ஆம் உறுப்புரை, தனித்தோ பிறரோடு சேர்ந்தோ மனுச் செய்யும் உரிமையை எல்லோர்க்கும் வழங்கிற்று. 1975இல் அடிப்படைச் சட்டத்தைத் திருத்தி, பாராளுமன்றத்தில் மனுக் குழு ஒன்று இருத்தல் கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், கோவைகளைக் கேட்டுப் பெறவும், அரச தாபனங்களுள் நுழைந்து பார்வையிடவும், மனுதாரரையும் சாட்சிகளையும் விசாரிக்கவும் அக்குழுவுக்கு அதிகாரமளித்தது. குழுவின் முடிவு பாராளுமன்றத்தால் ஏற்கப்பட்டதும், காரணங்களுடன் மனுதாரருக்கு அறிவிக்கப்படுகின்றது. மனு ஒருவருடையதாயினும் ஓர் இலட்சம் பேருடையதாயினும் அதற்குக் காரணங் காட்டிய விடை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தோற்றுண்டின் பின்புறத்து எழுதப்பட்ட அச்சுருங்கிய விடையின் வழித்தோன்றலாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில உண்மைகள் புலனாகின்றன. மனுச் செய்யும் உரிமை மாத்திரம் குடிமகனைக் காப்பதில்லை. 1689இற் பெற்ற உரிமையை 1848இல் ஓர் எண்ணிக்கை அறிக்கை வெறுமையாக்கிற்று. மனுக்களின் பெருக்கம் குழுவைத் தோற்றுவித்தது. குழு எண்ணும் கருவியானபோது பரிகாரம் அகன்றது. கோவையைத் திறக்கும் அதிகாரம் கிடைத்தபோது பரிகாரம் மீண்டது. எனவே ஒரு மனுக் குழுவை அளக்கவேண்டிய அளவுகோல் அதன்முன் வந்த மனுக்களின் தொகையன்று. தீர்க்கப்பட்டவை என ஏட்டிற் குறிக்கப்பட்டவற்றின் தொகையுமன்று. ஒவ்வொரு மனுதாரருக்கும், அவருடைய மொழியில், அவர் வாழும் காலத்துக்குள், காரணங் காட்டிய ஒரு விடை சென்றடைந்ததா என்பதே அவ்வளவுகோல். அவ்விடை மறுப்பாகவும் இருக்கலாம். காரணத்தோடு கூறப்பட்ட மறுப்பை எதிர்த்து வாதாட முடியும்; மௌனத்தை எதிர்த்து வாதாட முடியாது. இலங்கையில் மனுக் குழு, நிருவாக ஆணையாளர், 1996இன் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழு, நீதிமன்றம் எனக் கதவுகள் பல உள. கதவுகள் பலவாயிருத்தல் நன்றே. அவற்றில் ஒன்றாயினும் தட்டியவருக்குத் திறந்து மறுமொழி கூறும்போதுதான், குடியாட்சி என்னும் சொல் நூலேட்டிலிருந்து இறங்கி மக்கள் வாழ்வில் இடம்பெறும்.